துப்பறியும் பாட்டிகள்

கடம்பூர் என்று சொன்னால் தமிழ் வாசகர்களுக்கு உடனே ஒரு கொலை ஞாபகம் வருகிறது. சம்புவரையர் மாளிகை, இருட்டு, கீழே பிணமாகக் கிடக்கிறான் ஆதித்த கரிகாலன். கொன்றது யார் என்று கல்கி கடைசிவரை அடித்துச் சொல்லவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950-இல் தொடராக வர ஆரம்பித்த நாளிலிருந்து இன்றுவரை அந்த வழக்கை வாசகர்கள் விசாரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

என் ஊர் கடம்பூர் என்று சொல்லும்போதெல்லாம், “ஓகோ, அந்தக் கடம்பூரா?” என்று எதிரில் இருப்பவரின் கண் அகலமாகும். இல்லை ஐயா, அது வேறு, இது வேறு. எங்களுடையது கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவே, கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. கம்பும் உளுந்தும் பருத்தியும் விளைகிற பூமி. ரயிலில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் போளி. அதற்கு மேல் ஒரு கீர்த்தியும் கிடையாது. இளவரசர் யாரும் இங்கே கொலையுண்டதில்லை.

ஆனால் எங்கள் கடம்பூரில் என் ஆச்சி இருந்தாள். அந்தச் சம்புவரையர் மாளிகை வழக்கை அவளிடம் ஒப்படைத்திருந்தால், வெற்றிலையைக் காம்பு கிள்ளி முடிப்பதற்குள் ஆளைச் சொல்லியிருப்பாள் என்பது என் நம்பிக்கை.

இது பேரனின் பெருமைப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காலையில் வாசல் தெளிக்கும்போதே தெருவின் முந்தின ராத்திரி அவளுக்கு விளங்கிவிடும். எந்த வீட்டில் கோலம் அவசரமாக விழுந்திருக்கிறது, எந்த வீட்டு அடுப்பு புகையவில்லை, தீப்பெட்டிக் கட்டு வாங்கிப்போக வந்த பெண்ணின் கண் ஏன் சிவந்திருக்கிறது, எல்லாம் கணக்கில் ஏறும். அவளை உட்கார வைத்துக்கொண்டே பெரியவர்கள் ரகசியம் பேசுவார்கள். கிழவிக்கு என்ன தெரியும் என்கிற தைரியம்தான். அவளும் காது கேட்காதவளைப் போல உளுந்தைப் புடைத்துக்கொண்டிருப்பாள்.

பின்னாளில் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. அடடா, நம் ஆச்சிக்கு இங்கிலீஷ்காரி ஒருத்தி கம்பளி நூலைக் கொடுத்துப் பின்னச் சொல்லிவிட்டாளே என்றுதான் தோன்றியது. அப்போதே ஒரு கேள்வியும் பிறந்தது. இப்படிப்பட்ட கிழவிகள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருந்திருக்க, நம் துப்பறியும் நாவல்களில் ஒருத்தி கூட ஏன் கதாநாயகியாகவில்லை?

முதலில் இங்கிலீஷ்காரர்களின் கதையைப் பார்ப்போம்.

துப்பறியும் கிழவியை முதலில் கதைக்குள் கொண்டுவந்து புகழ்பெற்றவர் இங்கிலீஷ்காரி அல்ல, அமெரிக்க மாது. பெயர் அன்னா காதரின் கிரீன். 1897-இல் அவர் எழுதிய ஒரு நாவலில் அமீலியா பட்டர்வொர்த் என்ற அம்மாள் வருகிறாள். கல்யாணம் ஆகாதவள், வயதானவள், நல்ல குடும்பம், நியூயார்க்கில் சொந்த வீடு. நடுராத்திரியில் பக்கத்துப் பூட்டிய வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டு ஜன்னலண்டை போகிறாள். அவ்வளவுதான், கதை ஆரம்பமாகிவிட்டது. ‘எனக்கு வம்பு பிடிக்காது’ என்று சொல்லிக்கொண்டே வம்பின் நடுவில் போய் நிற்கிற சுபாவம் அவளுக்கு. நம் தெருக்களில் இந்த சுபாவத்தைப் பார்க்காதவர்கள் உண்டா?

அதற்கப்புறம் முப்பது வருஷம் கழித்து இங்கிலாந்தில் ஒரு விசேஷம் நடந்தது. 1927-இல் டாரதி ஸேயர்ஸ் தம் நாவலில் மிஸ் கிளிம்ப்ஸன் என்ற பெண்மணியைக் கொண்டுவந்தார். ஒரு பிரபு அவளுக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராக அனுப்புகிறான். அவள் அறை எடுத்துத் தங்கி, தேநீர் குடித்து, வம்பளந்து, விஷயத்தைக் கறந்துகொண்டு வருகிறாள். அதே வருஷம் டிசம்பரில் ‘ராயல் மாகஸின்’ என்ற பத்திரிகையில் மிஸ் மார்ப்பிள் முதன்முதலாகத் தலை காட்டினாள். மறுவருஷம், 1928-இல், பாட்ரிஷியா வென்ட்வொர்த் தம் மிஸ் ஸில்வரை அனுப்பினார். வென்ட்வொர்த் அம்மாள் நம் முசூரியில் பிறந்தவர், ராணுவ அதிகாரி ஒருவரின் மகள். மிஸ் ஸில்வர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். துப்பறிவது அவளுக்குத் தொழிலாகவே ஆகிவிட்டாலும் கையில் பின்னல் ஊசி மட்டும் ஓய்வதே இல்லை.

இரண்டே வருஷத்துக்குள் மூன்று பேர்! இது தற்செயலா?

இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டன் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களைப் பறிகொடுத்தது. 1921-இல் ஜனத்தொகை எடுத்தபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 17 லட்சம் பேர் அதிகமாக இருந்தார்கள். பத்திரிகைகள் அவர்களுக்கு ‘மிகுதிப் பெண்கள்’ என்று பெயர் வைத்தன. தராசில் மிஞ்சிய சரக்குக்கு வைக்கிற பெயர் அது. கல்யாணமாகாமல் வயதாகிக்கொண்டு வந்த இந்த லட்சக்கணக்கான பெண்களை என்ன செய்வது என்று ஆண்கள் கவலைப்பட்டார்கள். எழுத வந்த பெண்களோ வேறு மாதிரி யோசித்தார்கள். ‘யாரும் கவனிக்காத பெண்ணா? நல்லதாகப் போயிற்று. யாரும் கவனிக்காதவளால்தானே எல்லாவற்றையும் கவனிக்க முடியும்!’

இதில் வேடிக்கை என்னவென்றால், மௌரியர் காலத்து ராஜதந்திரம் என்று சொல்லப்படும் நம் அர்த்தசாஸ்திரத்துக்கே இந்தச் சூத்திரம் தெரிந்திருந்தது. ஒற்றர்களைப் பற்றிச் சொல்கிற இடத்தில், ஜீவனத்துக்கு வழி தேடுகிற, துணிச்சலான, அந்தப்புரத்தில் மரியாதை பெற்ற விதவைச் சந்நியாசினியை ஒற்று வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறது. மந்திரிகளின் வீட்டுக்குள் அவள்தான் தடையில்லாமல் போய் வருவாள் என்பது காரணம். ராஜாங்கம் கண்டுகொண்ட விஷயத்தை நாவலாசிரியர்கள் கண்டுகொள்ள இத்தனை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

மூவரில் நிலைத்து நின்றவள் மார்ப்பிள்தான். 1930-இல் முதல் நாவல் வந்தது. மொத்தம் 12 நாவல்கள், 20 சிறுகதைகள். கடைசி நாவல், கிறிஸ்டி காலமான 1976-ஆம் வருஷத்தில் அச்சேறியது. தம் சுயசரிதையில் கிறிஸ்டி, மார்ப்பிளுக்கும் தம் பாட்டிக்கும் ஒரு சாயல் உண்டு என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டி சிரித்த முகக்காரியாம். ஆனால் யாரைப் பற்றியும் மோசமானதையே எதிர்பார்ப்பாளாம். கடைசியில் அவள் நினைத்ததே சரியாகவும் இருக்குமாம்!

மார்ப்பிளின் முறை எளிமையானது. அவளுக்குப் பூதக்கண்ணாடி வேண்டாம், இரசாயனம் வேண்டாம். செயின்ட் மேரி மீட் என்கிற தன் சின்னக் கிராமத்தை அவள் அறுபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். லண்டனில் ஒரு பெரிய மனிதன் செய்கிற கொலையைக் கேட்டதும், தன் ஊர் மீன் கடைக்காரனோ வேலைக்காரப் பையனோ எப்போதோ செய்த சின்னத் தப்பு அவள் ஞாபகத்துக்கு வரும். முதல் கதையிலேயே, மற்றவர்கள் மர்மங்களைப் பற்றிப் பிரமாதமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, கடையில் வாங்கிய இறால் வீடு வந்து சேராமல் போன கதையை இவள் எடுத்துவிடுகிறாள். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அவளுடைய மருமகன் ரேமண்ட் வெஸ்டுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது. அவன் ஒரு நாவலாசிரியன்! மனித சுபாவத்தைக் கரைத்துக் குடித்தவன் என்று தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறவன். அத்தைதான் ஒவ்வொரு தடவையும் விடையைச் சொல்கிறாள். இந்த ரேமண்ட் வரும் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நம் பழைய இலக்கியத்தில் கூர்மையான கிழவிகளுக்குப் பஞ்சமில்லை. முல்லைப்பாட்டில் தலைவன் போருக்குப் போயிருக்கிறான். ஊர்க் கிழவிகள் நெல்லையும் மலரையும் தூவிவிட்டு, வழியில் யார் என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்து நிற்கிறார்கள். இடைப்பெண் ஒருத்தி குளிரில் நடுங்கிக்கொண்டே, உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்று கன்றுக்குட்டியைத் தேற்றுகிறாள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு, தலைவன் திரும்பி வருவான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். சிலப்பதிகாரத்து மாதரியோ வீட்டுக்குள்ளேயே குறி பார்க்கிறாள். குடத்தில் பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, மாட்டின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஏதோ நடந்துவிட்டது என்று அறிகிறாள். பார்க்கிற கண் மார்ப்பிளின் கண்தான். ஆனால் மார்ப்பிள் அதைத் தடயமாக எடுத்துக்கொள்வாள். மாதரி சகுனமாக எடுத்துக்கொண்டு குரவை ஆடப் போகிறாள். தடயத்தைச் சபையில் வைத்து வழக்காடியவள் கண்ணகி ஒருத்திதான். என் சிலம்புக்குள் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டி, முத்துச் சிலம்பு வைத்திருந்த அரண்மனையைத் தலை குனிய வைத்தாள். தமிழின் முதல் துப்பறியும் பெண் என்று அவளைச் சொன்னால் புலவர்கள் என்னை அடிக்க வரமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் துப்பறியும் நாவல் வந்தது. ஜே. ஆர். ரங்கராஜு 1908-இல் ‘இராஜாம்பாள்’ எழுதி, துப்பறியும் கோவிந்தனை அறிமுகம் செய்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் வந்தார். பின்னால் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வஸந்தும். எல்லாரும் ஆண்கள், பெரும்பாலும் கெட்டிக்காரர்கள். 1942-இல் தேவன் ‘விகட’னில் படைத்த சம்பு ஒருவன்தான் இந்த வரிசையில் மாறுபட்டவன். பாங்கி குமாஸ்தா, அசடு, யாரும் மதிக்காத ஆசாமி. மார்ப்பிளுக்கு நம் பக்கத்து உறவு என்றால் அவன்தான். ஆனாலும் அவள் யோசித்துக் கண்டுபிடிக்கிறாள். சம்பு தடுக்கி விழுந்து கண்டுபிடிக்கிறான்.

பெண்கள் எழுதவில்லையா? எழுதினார்கள். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925-இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். அவருடைய முதல் நாடகம், அவர் வாயால் சொல்லத் தோழி ஒருத்தி எழுதியது. வாய்க்கதை சொல்லியே வளர்ந்த அவரிடமிருந்து ஒரு துப்பறியும் பாட்டி பிறந்திருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்! பிறக்கவில்லை.

காரணம் தெரியாமல் இல்லை. இங்கிலாந்தில் ‘மிகுதிப் பெண்’ இருந்த இடத்தில் நம்மிடம் விதவை இருந்தாள். எழுத்தாளர்களுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. அ. மாதவையா 1903-இல் ‘முத்துமீனாட்சி’ எழுதியது அந்த இரக்கத்தால்தான். சகோதரி சுப்புலட்சுமி 1912-இல் சென்னையில் இளம் விதவைகளுக்குப் படிப்பும் தங்குமிடமும் தேட ஆரம்பித்தது, அதைவிடப் பெரிய காரியம். ஆனால் இரக்கப்பட்ட கண்ணுக்கு அவளுடைய கண்ணீர்தான் தெரிந்தது. கண்ணின் கூர்மை தெரியவில்லை. வங்காளிகளுக்கு அது தெரிந்தது. கிறிஸ்டியின் 1962-ஆம் வருஷத்து நாவல் ஒன்றைத் தழுவி ரிதுபர்ண கோஷ் 2003-இல் ‘சுப மஹூரத்’ என்று படம் எடுத்தபோது, மார்ப்பிளை ஒரு வங்காளி விதவை அத்தையாக மாற்றி வீட்டுக்குள் உட்கார வைத்தார். ராக்கி நடித்தார், தேசிய விருதும் பெற்றார். அந்த வேஷம் அவ்வளவு இயல்பாக நம் நாட்டுக்குப் பொருந்திவிட்டது.

எங்கள் கரிசலுக்கு வந்தால் சங்கதி இன்னும் சுவாரஸ்யம். கடம்பூருக்கும் இடைசெவலுக்கும் அதிக தூரமில்லை. இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் 1976-இல் வெளியிட்ட ‘கோபல்ல கிராமம்’ ஒரு கொலையோடுதான் ஆரம்பிக்கிறது. நிறைசூலி ஒருத்தியை நகைக்காக ஒருவன் தண்ணீருக்குள் அமுக்கிக் கொல்கிறான். அவளோ அவன் கால் விரலைப் பல்லால் கவ்விக்கொண்டு விடவில்லை. கொலையாளி அங்கேயே அகப்படுகிறான். அதே நாவலில்தான் 137 வயதுப் பூட்டி மங்கத்தாயாரு அம்மாள் இருக்கிறாள். கொலையும் இருக்கிறது, கிழவியும் இருக்கிறாள். துப்பறிதல் மட்டும் இல்லை! பூட்டியின் வேலை வம்சத்தின் பழங்கதையை ஞாபகம் வைத்திருந்து சொல்வது. ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த ஊரில் யார் செய்தது என்பது பெரிய கேள்வியே அல்ல. தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது.

ஆச்சியின் கடைசிக் காலம். கண் மங்கிவிட்டது. அவளுக்குப் பொழுது போகட்டும் என்று மார்ப்பிள் கதை ஒன்றை நம் பேச்சில் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்தக் கதை என்று சொன்னால் படிக்காதவர்களுக்குத் துரோகம். மூன்றில் ஒரு பங்கு கூடத் தாண்டவில்லை. “ஏலே, நிறுத்து. இன்னார்தானே?” என்றாள். சரியாக இருந்தது. நான் வாயைப் பிளந்தேன். அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டாள்:

“அந்தக் கிழவி சொன்னதும் போலீஸ்காரன் கேட்டானா?”

“கேட்டான் ஆச்சி.”

“அவளுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது இல்லே?”

“கிடையாது.”

“அதான்” என்றாள். பிறகு தன் கதையைச் சொன்னாள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு ஜோடிக் கம்மல் காணாமல் போயிற்று. அது எனக்கு மங்கலாக ஞாபகம் உண்டு. அடுக்குப்பானையில் அடிப்பானை உளுந்துக்குள் புதைத்து வைத்திருந்த கம்மல். உளுந்து புடைக்க வந்துகொண்டிருந்த ஒரு பெண்மேல் சந்தேகம் விழுந்தது. பதினைந்து பதினாறு வயதிருக்கும். பெரியவர்கள் வாசலில் நிறுத்திக் கேட்டார்கள். கேட்டார்கள் என்பது மரியாதையான வார்த்தை. அவளுடைய அம்மா வந்து, ஒன்றும் பேசாமல் மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் கம்மல் அதே பானையில் அகப்பட்டது. “உளுந்தோடு உளுந்தாகக் கிடந்திருக்கிறது, சரியாகப் பார்க்கவில்லை” என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். ஊரோ வேறு விதமாகச் சொல்லிற்று: பயந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிட்டாள் என்று. அப்புறம் அவளை யாரும் வீட்டு வேலைக்குக் கூப்பிடவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டாள்.

ஆச்சிக்கு முதல் நாளே தெரியும். பானையின் வாய்க்கு வேடு கட்டியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி கட்டியிருந்தார்கள். அந்த முடிச்சு பெண்பிள்ளை போடுகிற முடிச்சு அல்ல. பருத்திச் சாக்குக்குப் போடுகிற முடிச்சு. பிரிமணையும் தலைகீழாகக் கிடந்தது. பானையோடு புழங்குகிற பொம்பளை அப்படி வைக்கமாட்டாள்.

“அவன்கிட்டே ஒரு வார்த்தை கேக்கலே. ராத்திரி சோறு போடும்போது வட்டிலுக்குப் பக்கத்துல அந்த வேட்டுத் துணியை முடிச்சோட வச்சேன். அவ்வளவுதான். கோவில்பட்டிக்குப் போயி அடகை மீட்டுக் கொண்டாந்துட்டான்.”

“எவன்” என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டு ஆண்களில் பருத்தி யாவாரம் பார்த்தவர்கள் இரண்டு பேர்தான்.

கிறிஸ்டியின் 1953-ஆம் வருஷத்து நாவல் ஒன்றில் மார்ப்பிள் ரயிலேறி வெளியூர் போகிறாள். அங்கே ஒரு பணக்காரரும் செத்திருக்கிறார். ஆனால் அவள் போவது அவருக்காக அல்ல. செத்தவர்களில் ஒருத்தி, அநாதை விடுதியிலிருந்து வந்து இவளிடம் வீட்டு வேலை பழகிய பெண். அந்தப் பெண்ணைக் கொன்றதோடு அவமானமும் படுத்தியிருக்கிறார்கள். அதைத்தான் கிழவியால் பொறுக்க முடியவில்லை. 1942-ஆம் வருஷத்து நாவலிலும், வீட்டில் பிணம் கிடந்த கர்னலை ஊர்வாய் மென்று தின்றுவிடுமே என்றுதான் அவள் புறப்படுகிறாள். குற்றவாளி தப்பித்துக்கொள்வது பெரிதல்ல, நிரபராதியின்மேல் நிழல் விழுந்து நிலைத்துவிடுவதுதான் பெரிது என்பது அந்தக் கதைகளின் தர்மம். வம்பளக்கிற கிழவியே வம்புக்கு மருந்து. பிள்ளைகுட்டி இல்லாத மார்ப்பிளுக்கு அது முடிந்தது. என் ஆச்சிக்கு ஏழு பிள்ளைகள்.

“அந்தப் பிள்ளை எடுக்கலேன்னு நீ வெளியே சொல்லியிருக்கலாமே ஆச்சி?” என்றேன். கதை எழுதுகிறவனுடைய கேள்வி.

அவள் உடனே பதில் சொல்லவில்லை.

“வெள்ளாமை வந்ததும் அவ வீட்டுக்கு ஒரு மரக்கா உளுந்து குடுத்து விட்டேன். மூணு வருசம் குடுத்து விட்டேன். மூணு வருசமும் திரும்பி வந்துது. அவ அம்மைக்கும் தெரியும் ராசா. எல்லாம் தெரியும். அவளும் சொல்லலே. சொன்னா யாரு கேக்கப்போறா?”

துப்பறியும் பாட்டி தமிழில் ஏன் இல்லை என்ற என் கேள்விக்கு இதற்கு மேல் பதில் வேண்டியதில்லை. ஒரே தெருவில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். ஒருத்தி மகனுக்காக வாயை மூடிக்கொண்டாள். இன்னொருத்தி, கூலிக்காரியின் சொல் சபை ஏறாது என்று மூடிக்கொண்டாள். இருவரின் கண்ணுக்கும் குறைவில்லை. சொன்னால் கேட்கிற ஓர் இன்ஸ்பெக்டரும், சொல்லிவிட்டுத் திரும்பிப் போக ஒரு தனி வீடும் இருவருக்கும் இல்லை.

அந்த வீட்டில் வளர்ந்து, மனித சுபாவத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டேன். ரேமண்ட் வெஸ்டைப் படித்தால் எனக்குக் காது சூடாவது இதனால்தான். ஆச்சி இப்போது இல்லை. முடிச்சுப் போட்டவரும் இல்லை. அந்தப் பெண் இன்று எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியாது. இருந்தால் பேரன் பேத்தி எடுத்திருக்கும் வயது. அவள் பெயரை எழுத எனக்கு உரிமையில்லை. கம்மலை அவள் எடுக்கவில்லை என்பது மட்டும் இங்கே அச்சில் இருக்கட்டும்.